உலக எஸ்பெராண்டோ இளைஞர் அமைப்பில் இணைவது எப்படி: முதல் பாடத்திலிருந்து முதல் மாநாடு வரை

சர்வதேச மொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவைப் பற்றிக் கேள்விப்பட்ட பலருக்கு, அதைப் பேசும் இளைஞர்களுக்கென்று உலகளாவிய அமைப்பு ஒன்று இருப்பது தெரியாது. 1938இல் நெதர்லாந்தின் குரூட் என்னும் சிற்றூரில் கூடிய இளைஞர்கள் தொடங்கியது அது. 1952இல் இப்போதைய பெயரைப் பெற்றது. எஸ்பெராண்டோவில் அந்தப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘டெயோ’ என்கிறார்கள். பெரியவர்களின் அமைப்பான உலக எஸ்பெராண்டோ சங்கம் 1908இல் தோன்றியது. டெயோ 1956 முதல் அதன் இளைஞர் பிரிவாக இருக்கிறது. ஆனாலும் தனக்கென்று செயற்குழு, பொதுக்குழு, பத்திரிகை, மாநாடு எல்லாம் வைத்துத் தனியாகவே இயங்குகிறது.

இதில் எப்படிச் சேர்வது என்று கேட்பவர்களிடம் நான் எப்போதும் முதலில் சொல்வது ஒன்றுதான்: படிவத்தில் தொடங்காதீர்கள், பேச்சில் தொடங்குங்கள். சந்தா கட்டி உறுப்பினர் எண் பெற்றுவிட்டு, ஒருவரோடும் பேசாமல் ஓராண்டில் விலகிப்போகிறவர்கள் உண்டு. நாலு பேரோடு பேசிப் பழகிய பிறகு சேர்கிறவர்கள் பத்தாண்டுகள் ஆனாலும் போவதில்லை. இந்த வழிகாட்டியின் வரிசை அந்த நம்பிக்கையில்தான் அமைந்திருக்கிறது.

முதல் படி: மொழியைப் பேசும் அளவுக்குக் கற்பது

டெயோவின் கூட்டங்கள், கடிதங்கள், பத்திரிகை, பாட்டு, சண்டை, சமாதானம் எல்லாமே எஸ்பெராண்டோவில்தான் நடக்கும். மொழிபெயர்ப்பாளர் யாரும் இருக்கமாட்டார். ஆகவே மொழியைத் தவிர்த்துவிட்டு உள்ளே போக வழியில்லை. ஆனால் வேண்டியது புலமை அல்ல. உங்களைப் பற்றி ஐந்து நிமிடம் பேசவும், புரியாதபோது ‘மீண்டும் சொல்லுங்கள்’ என்று கேட்கவும் முடிந்தால் போதும்.

கற்பதற்கு இலவச வழிகளே தாராளம். 2002இல் தொடங்கப்பட்ட ‘லெர்னு’ இணையதளம் இதற்கென்றே உருவானது. கதைவழிப் பாடங்கள், அகராதி, இலக்கண விளக்கம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். ஆங்கிலம் வழியாகக் கற்பவர்களுக்காக 2015இல் டுவோலிங்கோவும் எஸ்பெராண்டோ பாடத்தைக் கொண்டுவந்தது. இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்றால் என் வாக்கு லெர்னுவுக்குத்தான். டுவோலிங்கோ சொற்களை மனத்தில் பதியவைக்கும். லெர்னு வாக்கியங்களைக் கட்டிப் பேசவைக்கும்.

தமிழர்களுக்கு இந்த மொழியில் சில இடங்கள் மிகவும் எளிது, சில இடங்களில் கவனம் வேண்டும். இதைப் பாடநூல்கள் சொல்வதில்லை. அவை பெரும்பாலும் ஐரோப்பியர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எளிய இடம் முதலில். ஆங்கிலம் பேசுகிறவர்களை எஸ்பெராண்டோவில் அதிகம் திணறவைப்பது இரண்டாம் வேற்றுமை உருபு. செயப்படுபொருளின் இறுதியில் ‘ன்’ சேர்க்க வேண்டும். ‘லிப்ரோ’ என்றால் புத்தகம், ‘லிப்ரோன்’ என்றால் புத்தகத்தை. ‘ஐ’ போட்டே வளர்ந்த நமக்கு இதில் மலைப்பதற்கு எதுவும் இல்லை. ஒரே ஓர் எச்சரிக்கை: தமிழில் ‘புத்தகம் படிக்கிறேன்’ என்று உருபை விழுங்கிவிடுகிறோம். எஸ்பெராண்டோவில் அப்படி விழுங்க முடியாது. ‘மி லேகஸ் லிப்ரோன்’ என்று ‘ன்’ வந்தே தீர வேண்டும்.

வினாச் சொற்களும் சுட்டுச் சொற்களும் இன்னும் இனிமையான இடம். எங்கே-அங்கே, எப்போது-அப்போது, எப்படி-அப்படி என்று நம் எகரமும் அகரமும் மாறிமாறி வருவதைப் போலவே அங்கே ‘கி’யும் ‘டி’யும் மாறிமாறி வரும். கியே என்றால் எங்கே, டியே என்றால் அங்கே. கியாம், டியாம் என்பவை எப்போது, அப்போது. கியெல், டியெல் என்பவை எப்படி, அப்படி. ‘இங்கே’ என்பதற்கு ‘டியே’க்கு முன்னால் ‘ச்சி’ என்று ஒரு சிறு சொல்லைச் சேர்த்தால் ஆயிற்று. இப்படி மொத்தம் 45 சொற்கள் ஓர் அட்டவணையில் அடங்கும். ஐரோப்பிய மாணவர்கள் அந்த அட்டவணையை உருப்போடுகிறார்கள். நீங்கள் அதன் அமைப்பை ஒரே மாலையில் பிடித்துவிடலாம்.

கவனம் வேண்டிய இடம் உச்சரிப்பு. நம் எழுத்தில் ‘ப’ ஒன்றுதான். அது வல்லினமாக ஒலிக்குமா மெல்ல ஒலிக்குமா என்பதை இடம் தீர்மானிக்கிறது. எஸ்பெராண்டோவில் இரண்டு ஒலிகளுக்கும் தனித்தனி எழுத்து, தனித்தனிப் பொருள். ‘பழம்’ என்பதில் வரும் ஒலியோடு ‘பானோ’ என்றால் ரொட்டி. ‘பஸ்’ என்பதில் வரும் ஒலியோடு ‘பானோ’ என்றால் குளியல். இன்னொன்று: மெல்லினத்தை அடுத்து வரும் வல்லினத்தை நாம் தன்னையறியாமல் குழைத்துவிடுவோம். மொழியின் பெயரையே ‘எஸ்பெராண்டோ’ என்று எழுதிக் குழைத்துத்தானே சொல்கிறோம்; அங்கே அந்த ஒலி ‘எஸ்பெரான்ட்டோ’ என்று அழுத்தமாக வரும். தினமும் பத்து நிமிடம் வாய்விட்டுப் படித்து, பதிவுசெய்து கேட்டுப் பாருங்கள். அசையழுத்தம் எப்போதும் ஈற்றயல் அசையில் விழும். இதற்கு விதிவிலக்கே கிடையாது.

இரண்டாம் படி: ஆட்களைக் கண்டுபிடிப்பது

பாடங்கள் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். பாதிப் பாடத்தில் இருக்கும்போதே பேசத் தொடங்குங்கள். டெலிகிராமில் எஸ்பெராண்டோ குழுக்கள் நிறைய இருக்கின்றன. தொடக்கநிலை மாணவர்களுக்கென்றே தனிக் குழுக்கள் உண்டு. அமிக்குமு என்ற செயலி, அருகில் உள்ள எஸ்பெராண்டோ பேசுபவர்களைக் காட்டும். எஸ்பெராண்டோக்காரர்கள் சிலர் தொடங்கிய அந்தச் செயலி பிறகு மற்ற மொழிகளுக்கும் விரிந்தது. ஈவெண்டா செர்வோ என்ற இணைய நாட்காட்டி, உலகெங்கும் நடக்கும் எஸ்பெராண்டோ நிகழ்ச்சிகளைத் தேதிவாரியாகத் திரட்டித் தருகிறது. அதில் இணையவழிச் சந்திப்புகளை மட்டும் வடிகட்டிப் பார்க்கலாம். வீட்டில் இருந்தபடி முதன்முதலாகப் பேசிப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை.

இந்தியாவில் எஸ்பெராண்டோவுக்கு ஆள் இல்லை என்று எண்ண வேண்டாம். சாந்திநிகேதனோடு தொடர்புடைய லட்சுமீஸ்வர் சின்ஹா, சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இந்த மொழியைக் கற்று ஐரோப்பாவில் சொற்பொழிவுப் பயணம் செய்தவர். வங்காளத்து மொழியியலாளர் ப்ரோபால் தாஸ்குப்தா 2007 முதல் 2013 வரை உலக எஸ்பெராண்டோ சங்கத்தின் தலைவராகவே இருந்தார். 2008இல் ஐந்தாவது ஆசிய எஸ்பெராண்டோ மாநாடு நடந்தது பெங்களூரில்; தமிழ்நாட்டிலிருந்து ஓர் இரவுப் பயணத் தொலைவு. பேசுபவர்கள் எண்ணிக்கையில் குறைவு, ஊர் ஊராகச் சிதறியிருக்கிறார்கள் என்பது உண்மை. அதனாலேயே தேடிப் பிடிக்கும் முயற்சி நம் பக்கத்திலிருந்து வர வேண்டியிருக்கிறது.

மூன்றாம் படி: உறுப்பினராவது

இது மிகச் சிறிய படி. உலக எஸ்பெராண்டோ சங்கத்தில் தனி உறுப்பினராகச் சேருங்கள். உங்களுக்கு 35 வயதுக்கு மேல் ஆகாதிருந்தால் டெயோவின் உறுப்பினராகவும் ஆகிவிடுவீர்கள். தனி விண்ணப்பம் தேவையில்லை. சந்தா எல்லா நாட்டினருக்கும் ஒன்றல்ல, நாட்டுக்கு நாடு மாறும். எனவே ஐரோப்பியத் தொகையைப் பார்த்துப் பின்வாங்காமல் உங்கள் நாட்டுக்குரிய தொகையைத் தேடிப் பாருங்கள். பல நாடுகளில் டெயோவுக்கு நாட்டுப் பிரிவுகளும் இருக்கின்றன. ஜெர்மனி, போலந்து, பிரான்ஸ் போன்ற நாடுகளில் வசிக்கும் தமிழ் இளைஞர்கள் அந்தந்த நாட்டுப் பிரிவு வழியாக நுழைவது இன்னும் எளிது. உள்ளூர்க் கூட்டங்களுக்கு அழைப்பு தானாக வரும்.

‘கொண்டாக்டோ’ பத்திரிகையை இந்தக் கட்டத்திலேயே படிக்கத் தொடங்குங்கள். 1963 முதல் வெளிவரும் டெயோவின் இதழ் அது. கற்பவர்களுக்கு அதில் பெரிய வசதி, எளிய கட்டுரைகளுக்கு நடையின் எளிமையைக் காட்டும் குறிப்பு இருப்பது. ‘மிக எளிது’ என்று குறித்தவற்றை மட்டும் முதலில் படியுங்கள், அகராதியைத் தொடாமல்.

இடையில்: எதில் சேர்கிறீர்கள் என்பதைத் தெரிந்துகொள்வது

சேர்ந்துவிட்டீர்கள். இப்போது இந்த அமைப்பின் இரண்டு அறிக்கைகளைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் மாநாட்டில் நள்ளிரவு விவாதங்கள் இவற்றைச் சுற்றித்தான் ஓடும்.

1969இல் சுவீடனின் துரேசோ நகரில் நடந்த இளைஞர் மாநாட்டில் முதலாவது பிறந்தது. மாணவர் கிளர்ச்சிகள் ஐரோப்பாவை உலுக்கிய காலம். பெரிய நாட்டின் மொழி சிறிய மக்களின் மேல் ஏறி உட்காருவதும் ஒரு வகை ஒடுக்குமுறை, தனி மனிதன் தன் மொழியோடும் பண்பாட்டோடும் முழுமையாக வாழும் உரிமையைக் காக்க வேண்டும் என்று அது வாதிட்டது. எஸ்பெராண்டோ ஒரு பொழுதுபோக்கு அல்ல, அது மொழி உரிமையின் பக்கம் நிற்பது என்று இளைஞர்கள் உரக்கச் சொன்ன இடம் அது. மொழிப் போராட்டத்தின் நினைவு இன்றும் உயிரோடு இருக்கும் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் அதைப் படிக்கும்போது அந்நியமாகத் தோன்றாது.

இரண்டாவது, 1980இல் பின்லாந்தின் ரௌமா நகரில் எழுதப்பட்டது. அது கிட்டத்தட்ட எதிர்த் திசையில் போயிற்று. உலகம் முழுவதும் எஸ்பெராண்டோவை இரண்டாம் மொழியாக ஏற்கும் நாள் வரும் என்று காத்திருப்பதை விடுங்கள். நாம் தானே விரும்பிச் சேர்ந்த, உலகெங்கும் சிதறியிருக்கும் ஒரு சிறுபான்மை மொழிச் சமூகம். நம் இலக்கியத்தையும் இசையையும் வாழ்க்கையையும் வளர்ப்போம் என்றது. அன்றிலிருந்து எஸ்பெராண்டோ உலகில் இந்த இரு போக்குகளுக்கும் இடையே பேச்சு ஓயவில்லை. என் மனம் ரௌமாவின் பக்கம் சாய்கிறது. உலகத்தை மாற்றுவேன் என்று சேர்ந்தவர்களைவிட, இங்கே நண்பர்களும் பாட்டும் இருக்கின்றன என்று சேர்ந்தவர்கள்தான் கடைசியில் அந்த உலகத்துக்கும் ஏதாவது செய்கிறார்கள் என்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் துரேசோ கேட்ட கேள்வி பழையதாகிவிடவில்லை. இரண்டையும் படித்துவிட்டு நீங்களே ஒரு பக்கம் நில்லுங்கள்.

டெயோ ஐரோப்பிய இளைஞர் மன்றத்தில் உறுப்பு அமைப்பு. யுனெஸ்கோவோடும் ஐரோப்பிய அவையோடும் தொடர்பு கொண்டது. அதன் பயிலரங்குகள் பலவற்றுக்கு ஐரோப்பிய இளைஞர் நிதிகளிலிருந்து பணம் கிடைப்பது இந்தத் தொடர்புகளால்தான்.

நான்காம் படி: ஒருவர் வீட்டில் தங்குவது

பாஸ்போர்ட்டா செர்வோ டெயோவின் மிகப் பழைய, மிக அழகான சேவை. இதன் விதை 1966இல் அர்ஜென்டினாவில் போடப்பட்டது. 1974இல் பிரான்சில் இப்போதைய வடிவம் பெற்றபோது, பட்டியலில் 40 வீடுகள் மட்டும் இருந்தன. அந்தச் சிறு பட்டியல் வளர்ந்து ஆண்டுதோறும் அச்சாகும் முகவரிக் கையேடாயிற்று, பிறகு இணையதளமாயிற்று. முறை எளிது: எஸ்பெராண்டோ பேசும் பயணிக்கு, எஸ்பெராண்டோ பேசும் ஒருவர் தன் வீட்டில் கட்டணமின்றி இடம் தருகிறார். அறை வாடகை கிடையாது, மொழிதான் நுழைவுச்சீட்டு.

விருந்தளிப்பவர்கள் தங்கள் பக்கத்தில் எழுதியிருக்கும் நிபந்தனைகளை வரி விடாமல் படியுங்கள். எத்தனை பேர், எத்தனை இரவு, எவ்வளவு நாள் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும், உணவு உண்டா, படுக்கை உண்டா அல்லது உறக்கப் பை கொண்டுவர வேண்டுமா என்று அதில் இருக்கும். உங்கள் கடிதத்தில் வரும் நாள், நேரம், போகும் நாள், சைவமா அசைவமா, உங்கள் எஸ்பெராண்டோ எந்த அளவு என்பவற்றைத் தெளிவாக எழுதுங்கள். கடைசிச் செய்தியை மறைக்க வேண்டாம். ‘மெதுவாகப் பேசினால் புரிந்துகொள்வேன்’ என்ற ஒரு வரி, விருந்தளிப்பவரை எரிச்சலூட்டாது, ஆயத்தப்படுத்தும். இடம் கிடைத்த பிறகு பயணம் ரத்தானால் உடனே சொல்லுங்கள். வீட்டைத் துடைத்து, விடுப்பு எடுத்துக் காத்திருப்பவர்கள் அவர்கள்.

முடிந்தால் நீங்களும் விருந்தளிப்பவராகப் பதியுங்கள். சென்னை, மதுரை, யாழ்ப்பாணம் போன்ற ஊர்களுக்கு வர விரும்பும் பயணிகள் முதலில் தேடுவது அங்கே பேச ஒருவர் இருக்கிறாரா என்பதைத்தான். தனி அறை இல்லாவிட்டாலும், ஊரைச் சுற்றிக்காட்டுவேன் என்று மட்டும் சொல்லலாம்.

ஐந்தாம் படி: சர்வதேச இளைஞர் மாநாடு

டெயோவின் உயிர்நாடி இதுதான். சுருக்கமாக ‘இயோகோ’ என்பார்கள். ஆண்டுக்கு ஒரு முறை, பெரும்பாலும் கோடையில், ஒரு வாரம். இடம் ஆண்டுதோறும் மாறும்: 2014இல் பிரேசிலின் போர்ட்டலேசா, 2015இல் ஜெர்மனியின் வீஸ்பாடன், 2016இல் போலந்தின் வ்ரோட்சுவாஃப், 2017இல் டோகோ நாட்டின் அனேஹோ, 2018இல் ஸ்பெயினின் படஹோஸ். 2019இல் ஸ்லோவாக்கியாவின் லிப்டோவ்ஸ்கி ஹ்ராடோக்கில் நடந்தது 75ஆவது மாநாடு. வியட்நாமின் ஹனோயிலும் நடந்திருக்கிறது. ஆசியாவுக்கு வரும் ஆண்டை நம் பக்கத்து இளைஞர்கள் விடக்கூடாது.

பதிவுக் கட்டணம் மூன்றைப் பொறுத்தது: நீங்கள் எந்த நாட்டிலிருந்து வருகிறீர்கள், எவ்வளவு முன்னதாகப் பதிகிறீர்கள், எப்படித் தங்குகிறீர்கள். முன்கூட்டியே பதிவது பணத்தை மிச்சப்படுத்தும் எளிய வழி. தங்குவதில் மிகவும் மலிவானது பொது மண்டபத்தில் தரையில் உறக்கப் பை விரித்துப் படுப்பது. பள்ளி உடற்பயிற்சிக் கூடம் போல இருக்கும். உணவையும் தாமே பார்த்துக்கொள்ளும் பிரிவு பல சந்திப்புகளில் உண்டு. அரிசியும் பருப்பும் சமைக்கத் தெரிந்தவர்கள் அங்கே விரைவில் புகழ் பெறுவார்கள். உதவித்தொகையோ, வேலை செய்பவர்களுக்குக் கட்டணக் குறைப்போ இருக்கிறதா என்று அமைப்பாளர்களுக்கு எழுதிக் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

விசாதான் நம் நாட்டினருக்குப் பெரிய தடை. மாநாடு, ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளில் ஒன்றில் என்றால் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாள்களுக்குக் குறைவாக விட்டுவைக்கக் கூடாது. கோடையில் நேர்காணல் தேதி கிடைப்பதே கடினம் என்பதால், பதிவு செய்த கையோடு அழைப்புக் கடிதம் கேட்டுவிடுங்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம், திரும்பும் டிக்கெட்டின் முன்பதிவு, கல்லூரி அல்லது அலுவலகத்தின் கடிதம் ஆகியவை தேவைப்படும். எஸ்பெராண்டோ என்றால் என்ன என்று விசா அதிகாரி கேட்கலாம். 1887இல் சாமன்ஹோஃப் வெளியிட்ட சர்வதேச மொழி, நான் போவது அதன் இளைஞர் மாநாடு என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லத் தயாராக இருங்கள்.

மாநாட்டில் என்ன நடக்கும்? பகலில் சொற்பொழிவுகள், பயிலரங்குகள், டெயோவின் பொதுக்குழுக் கூட்டம், ஊர் சுற்றுதல். மாலையில் ஒவ்வொரு நாட்டாரும் தம் கலையைக் காட்டும் சர்வதேச நிகழ்ச்சி. ஒரு கும்மியோ பறையாட்டமோ ஒரு பாட்டோ தயாரித்துக்கொண்டு போங்கள். ஆள் தேடிக்கொண்டு வருவார்கள். இரவில் எஸ்பெராண்டோ இசைக்குழுக்களின் கச்சேரி, பிறகு நடனம்.

நடனம் பிடிக்காதவர்களுக்கு ‘குஃபூயோ’. ஆந்தைகளின் இடம் என்று பெயர். மங்கிய விளக்கு, தரையில் விரிப்புகள், தேநீர், தின்பண்டம். மதுவுக்கும் இரைச்சலுக்கும் இடமில்லை. ஒருவர் கிதாரை மெல்ல மீட்டுவார், ஒருவர் கவிதை படிப்பார், மூலையில் பிரேசில்காரர் ஒருவரும் கொரியாக்காரர் ஒருவரும் தங்கள் பாட்டிமார் செய்யும் சமையலைப் பற்றி விடியும்வரை பேசிக்கொண்டிருப்பார்கள். பிறந்தது முதல் எஸ்பெராண்டோ பேசி வளர்ந்த பிள்ளைகளையும் அங்கே சந்திக்கலாம். தாயும் தந்தையும் வேறு வேறு நாட்டுக்காரர்கள். வீட்டு மொழி எஸ்பெராண்டோ. தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் இடம் குஃபூயோ. அங்கே எல்லாரும் மெதுவாகப் பேசுவார்கள்.

ஒரு விதி. எஸ்பெராண்டோ பேச வேண்டிய இடத்தில் சொந்த மொழி பேசுவதை ‘முதலையாதல்’ என்பார்கள். இரண்டு தமிழர்கள் சேர்ந்து போனால் இந்த ஆபத்து பெரிது. முதல் இரண்டு நாளும் வாய் வலிக்கும், தலை வலிக்கும், ஒரு வார்த்தை தமிழில் பேசினால் போதும் என்றிருக்கும். பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் காலையில் சொற்கள் தேடாமலே வரத் தொடங்கும். ஆங்கிலத்துக்குத் தாவுவது அதைவிட மோசம். அருகில் உட்கார்ந்திருக்கும் வியட்நாம் மாணவியை உரையாடலிலிருந்து வெளியே தள்ளுவது அது.

கோடையில் போக முடியாதவர்களுக்கு வேறு கூட்டங்கள் உண்டு. போலந்து, ஜெர்மனி இளைஞர்கள் சேர்ந்து புத்தாண்டையொட்டி நடத்தும் வாரம், இத்தாலியில் ஈஸ்டர் காலத்தில் நடக்கும் விழா, கிழக்காசிய இளைஞர்களின் கூட்டுப் பயிலரங்கு ஆகியவை நெடுநாளாக நடந்துவருபவை. மாநாட்டைவிடச் சிறியவை என்பதால் முதல் அனுபவத்துக்குச் சில சமயம் இவையே மேல்.

ஆறாம் படி: வேலையை ஏற்பது

டெயோவைச் சில ஊழியர்களும் தொண்டர்களும்தான் நடத்துகிறார்கள். மாநாட்டிலிருந்து திரும்பியவுடன் ஒரு சிறு பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள்: கொண்டாக்டோவுக்கு உங்கள் ஊரைப் பற்றி ஒரு கட்டுரை, ஒரு பயிலரங்கின் சமூக ஊடகப் பணி, இணையவழிச் சந்திப்பு ஒன்றை நடத்துவது. நாட்டுப் பிரிவுகளின் பிரதிநிதிகள் பொதுக்குழுவில் அமர்ந்து செயற்குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இருபது வயதுக்காரர் ஒருவர் வரவுசெலவுத் திட்டத்தைக் கேள்வி கேட்பதும், இருபத்தைந்து வயதுக்காரர் அதற்குப் பதில் சொல்வதும் அங்கே வழக்கமான காட்சி. ஓர் அமைப்பை நடத்தக் கற்றுக்கொள்ள இதைவிடத் திறந்த இடத்தை நான் கண்டதில்லை.

மொழித் திறனுக்குச் சான்று வேண்டுமென்றால் ஐரோப்பியப் பொதுச் சட்டகத்தின்படி அமைந்த தேர்வுகள் எஸ்பெராண்டோவுக்கும் இருக்கின்றன. ஹங்கேரியின் ஓட்வோஷ் லோராந்த் பல்கலைக்கழகத்தின் மொழித்தேர்வு மையத்தோடு சேர்ந்து உலகச் சங்கம் ஏற்பாடு செய்தவை அவை.

உங்கள் ஊரில் மூன்று பேர் சேர்ந்தால் ஒரு வட்டம் தொடங்குங்கள். வாரம் ஒரு மாலை, ஒரே இடம், ஒரே நேரம். முதல் அரை மணி கொண்டாக்டோ வாசிப்பு, பிறகு பேச்சு. யாரும் வராத வாரத்திலும் அதே இடத்தில் உட்கார்ந்திருங்கள், ஏனென்றால் நான்காவது ஆள் பெரும்பாலும் முன்னறிவிப்பு இல்லாமல்தான் வருவார். அந்த வட்டத்தின் கூட்டத்தை ஈவெண்டா செர்வோவில் பதிந்துவிட்டால், ஊர் வழியாகப் போகும் பயணிகளும் உங்களைக் கண்டுபிடிப்பார்கள்.